மரியமலர் அக்காவை மூன்று தரம் கேட்க வேண்டும்

மரியமலர் அக்கா மன்னார்ப் பக்கம். புலம்பெயர்ந்து வந்து, இங்கே மெரிலேண்ட்ஸில் பதினாறு வருடமாக பஸ் ஓட்டுகிறார். எங்கள் இளைஞர் மையம் பின்னேரம் ஐந்து மணிக்கே பூட்டிவிடும். அதற்குப் பிறகு போக இடமில்லாத பிள்ளைகள் ஸ்டேஷனடியில் நின்று வம்பை வாங்கி, கடைசியில் போலீசிடம் மாட்டுவார்கள். தினமும் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மையத்தை எட்டு மணி வரை திறக்க வைக்க வேண்டும், அதற்கு நிர்வாகக் குழுவுக்குள் போக வேண்டும் என்று மூன்று மாதமாக என் காதைத் தின்றார்.

குழுவில் ஏழு பேர். நான்கு பேரை கவுன்சில் நியமிக்கும், இரண்டு பேரைப் பள்ளிக்கூடங்கள் அனுப்பும். மிச்சம் ஒரே ஒரு இடம்தான் ஊர்க்காரருக்கு. ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் பெயரை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, உரியவர் தன் வாயால் சம்மதிக்க வேண்டும். ஒருவரும் சம்மதிக்காவிட்டால் அதையும் கவுன்சிலே நிரப்பிவிடும்.

கூட்டத்தில் நான் அக்காவை முன்மொழிந்தேன். தலைவர் சம்மதமா என்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்து, தன்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றார். எங்கள் கோயில் கூட்டம் என்றால் நாலு பேர் வற்புறுத்தி, மூன்றாம் தரம் ஓம், சம்மதம் என்றிருப்பார். எங்கள் வழக்கம் தெரியாத இந்தத் தலைவரோ நன்றி சொல்லிப் பெயரை வெட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அடுத்ததாக, சென்னையிலிருந்து வந்த எஞ்சினியர் ஜெகதீஷின் பெயர் வந்தது. அவரும் அதே சிரிப்போடு அதையே சொன்னார். அவர் பெயரும் போயிற்று. கவுன்சிலுக்கு எழுதிவிடலாம் என்று தலைவர் கோப்பை மூடப் போனார்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். "பிள்ளை, இந்தாள் திருப்பிக் கேக்கமாட்டாரோ?"

"மாட்டார் அக்கா. வேணுமெண்டால் இப்பவே எழும்பிச் சொல்லுங்கோ."

எழும்பினார். முதலில் சொன்னது மரியாதைக்கு, உண்மையில் குழுவில் அந்தக் கதிரை தனக்கு வேண்டும் என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று சொன்னார். மண்டபமே சிரித்தது. ஜெகதீஷ்தான் முந்திக்கொண்டு வழிமொழிந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது மையம் எட்டு மணிக்குத்தான் பூட்டுகிறது. குழுக் கூட்டங்களில் தேநீர் வேண்டுமா என்று தலைவர் அக்காவை மட்டும் மூன்று தரம் கேட்கிறார். மூன்றாம் தரம் அக்கா ஓம் என்கிறார்.