வெள்ளை வண்டி கேட்டோம்

ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் சில நாள் நான் காரின் தப்பான பக்கத்தில்தான் போய் நிற்பேன். நான் இருக்கும் வின்னிபெக்கில் ஸ்டீயரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். தஞ்சாவூர் ஷோரூமில் ஓட்டிப் பார்க்க ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அதுதான் நடந்தது. இடது கதவைத் திறந்து உட்கார்ந்து கையை நீட்டினால், பிடிக்க ஒன்றுமில்லை. விற்பனைப் பையன் பிரகாஷ் ஜன்னலோரம் குனிந்து சிரித்தான். "அக்கா எந்த நாடுங்க?" என்றான். கனடா என்று சொல்லித் தொலைத்தேன். அதுவரை நானும் அப்பாவும் கேட்ட சாதாரண மாடலைக் காட்டிக்கொண்டிருந்தவன், அந்த நிமிடத்திலிருந்து எங்களை விலை கூடின வண்டிகளின் பக்கமே நகர்த்திக்கொண்டு போனான்.

எங்களுக்கு வேண்டியது ரொம்ப எளிமையான விஷயம். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில்தான் போய்வந்துகொண்டிருந்தார். முகூர்த்த நாளென்றால் வாடகை வண்டி கிடைக்காது. ஆவணியில் அப்படி ஒரு நாள், தம்பி பைக் ஓட்ட, பின்னால் அப்பா பிடித்துக்கொள்ள, நடுவில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே போயிருக்கிறார். அதை எனக்கு எல்லாம் முடிந்த பிறகு போனில் சொன்னார்கள். நான் நர்ஸ். வின்னிபெக்கில் யார் யாருடைய அம்மாக்களையோ தாங்கிப் பிடித்துக் கட்டிலில் ஏற்றுகிறவள். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன், எப்படியாவது ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதென்று. ஏசி இருக்க வேண்டும், அம்மா ஏறி இறங்கச் சிரமம் இருக்கக் கூடாது, வெயிலுக்கு வெள்ளை நிறமாக இருந்தால் நல்லது. இவ்வளவுதான்.

"ஒரே வாரத்துல வெள்ளை வண்டி வீட்டு வாசல்ல நிக்கும்க்கா" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டான் பிரகாஷ். ரசீது வருவதற்குள் அப்பாவுக்குப் பாதாம்பால் வந்தது. "அப்பா, குடிங்கப்பா" என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பா பாதாம்பாலைக் குடித்து முடிப்பதற்குள் அம்மாவின் வியாதி, ஆஸ்பத்திரி போகும் கிழமைகள், என் லீவு முடியும் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மகனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கும் அப்போது அது நன்றாகத்தான் இருந்தது.

வாரம் முடிந்தது, வண்டி வரவில்லை. போன் வந்தது. வெள்ளை கம்பெனியிலிருந்தே வரவில்லையாம், இரண்டு மாதம் ஆகுமாம். ஆனால் சிவப்பில் டாப் மாடல் ஒன்று தயாராக நிற்கிறதாம். நானும் அப்பாவும் மறுபடி தஞ்சாவூர் போனோம். குறுவை அறுவடை நேரம். ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி பொறுமை போய்விட்டது. அந்தச் சிவப்பு வண்டியில் சீட் கவர், பம்பர் கம்பி, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தார்கள். எதையும் கழற்ற முடியாதாம். இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்க வேண்டுமாம். எனக்கு இதெல்லாம் வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மேனேஜர் வரட்டும் என்றான். மேனேஜர் எங்கே என்றால், திருச்சிக்கு மீட்டிங் போயிருக்கிறார் என்றான். பிறகு குரலை இறக்கி, "உங்க லீவும் முடியப்போகுது. அம்மாவைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கக்கா" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாங்களே சொன்ன கஷ்டத்தை எடுத்து எங்களுக்கே விற்கிறான்.

இந்த விளையாட்டு எனக்குப் புதிதல்ல. வின்னிபெக் போன முதல் குளிர்காலத்தில், பஸ்ஸுக்குக் காத்து நின்று காது மரத்துப்போய், ஒரு டீலர்ஷிப்புக்குப் போனேன். விற்றவர் நரைத்த தலை வெள்ளைக்காரர். வாய்க்கு வாய் 'மேரி, மேரி' என்று என் பெயரைச் சொன்னார். "மேரி, இன்றைக்கே உன்னை இந்தக் காரில் உட்கார வைக்க நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார். நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்து, "கதவைத் திறந்தால் போதும்" என்றேன். நான் பேரம் பேசுவதில் கெட்டிக்காரி என்று எடுத்துக்கொண்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று கண்ணாடி அறைக்குள் போவதும், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவதுமாக இருந்தார். உள்ளே இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது வெளியே நன்றாகத் தெரிந்தது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி லிஸா முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள், விலை படியாவிட்டால் எழுந்து வெளியே நடந்துவிடு என்று. நடந்தேன். அவர் பனியில் சறுக்கிக்கொண்டே பின்னால் ஓடிவந்து நான் கேட்ட விலைக்கே கொடுத்தார். அவருக்கு என்மேல் கோபமில்லை, கைகுலுக்கி வாழ்த்தினார். அங்கே அது அத்தோடு முடிந்துபோகிற சண்டை.

அதே நம்பிக்கையில் தஞ்சாவூரிலும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தால், அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்கப்பா, போகலாம்."

"பேச்சுப் பேசிக்கிட்டிருக்கும்போது எந்திரிச்சுப் போறதா? உக்காரு பாப்பா."

"நம்மள ஏமாத்துறாங்கப்பா."

"மேல இருக்கறவங்க சொல்றத இந்தத் தம்பி சொல்லுது. அது என்ன பண்ணும்?"

பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பாவுக்குப் புரியுதுக்கா" என்றான். அந்த ஷோரூமில் எனக்குத்தான் புரியவில்லை என்று ஆகிவிட்டது.

அப்பாவை என்னால் திட்டவும் முடியவில்லை. நான் நாலாவது படிக்கும்போது இதே ஊருக்கு அவரோடு டிராக்டர் கேட்க வந்திருக்கிறேன். கம்பெனிகள் இங்கே வந்து குவிவதற்கு முந்தின காலம். அன்றைக்கு வாங்குகிறவன்தான் கெஞ்ச வேண்டும், விற்கிறவன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். மேசைக்கு முன்னால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. யாரும் அப்பாவை உட்காரச் சொல்லவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "வரிசையில உங்க பேரு இன்னும் வரல, போயிட்டு அப்புறம் வாங்க" என்று அந்த ஆள் காகிதத்தைப் பார்த்தே பேசினார். எத்தனையோ தடவை போய் நின்று, கடைசியில் டிராக்டர் வந்தபோது நான் ஹைஸ்கூல் போய்விட்டேன். அப்படி நின்ற மனிதரை இன்றைக்கு ஒரு பையன் நாற்காலி போட்டு, அப்பா என்று கூப்பிட்டு, கையில் பாதாம்பால் கொடுக்கிறான். அவரால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அது தெரிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

சிவப்பு வேண்டாம், வெள்ளை வரட்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வீடு வந்ததும் அப்பா நேரே கொல்லைப்பக்கம் போய்விட்டார். வீட்டில் அம்மா, "எனக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. பழைய வாடகை வண்டியே போதும்" என்று சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. மிச்சம் இருந்த நாள்களில் நானே வாடகைக் காரில் அம்மாவைக் கூட்டிப்போய் வந்தேன். லீவு முடிந்தது. வண்டி வாங்கிக் கொடுக்காமலே விமானம் ஏறினேன்.

வின்னிபெக்கில் முதல் பனி விழுந்த அன்று, சாப்பாட்டு இடைவேளையில் தம்பி அனுப்பிய போட்டோ வந்தது. சிவப்பு வண்டிக்கு மாலை போட்டிருந்தது. டெலிவரி எடுக்கும்போது ஷோரூமில் கொடுக்கிற பெரிய அட்டைச் சாவியை அப்பா பிடித்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையில் அம்மா. உடனே போன் போட்டேன்.

"நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல பாப்பா" என்றார் அப்பா. "போன வியாழக்கிழமையும் வாடகை வண்டி வரல. எத்தனை நாளைக்குக் காத்திருக்கறது?"

"அந்த மாடலேவாப்பா? சீட் கவர், பம்பர் எல்லாத்தோடவும்?"

"ஆமா. அந்தத் தம்பிதான் உங்கம்மா கையைப் புடிச்சு உள்ள ஏத்தி உக்கார வச்சுது. அக்கா இல்லாட்டி என்னம்மா, நான் இருக்கேன்னு சொல்லுச்சு. உங்கம்மா அழுதுட்டா."

சரிப்பா, வைக்கிறேன் என்றேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி படம் எடுப்பதால் அதில் இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், அம்மாவின் முழங்கையைத் தாங்கியபடி, கழுத்தில் கம்பெனி அட்டையோடு பிரகாஷ் நின்றான். டயாலிசிஸ் ஊசி போட்ட கையென்பதால் பிளாஸ்டரில் விரல் படாமல் பக்குவமாகப் பிடித்திருந்தான்.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த லிஸா எட்டிப் பார்த்தாள். "உன் குடும்பமா? நடுவில் நிற்பது உன் தம்பிதானே?" என்றாள்.

இடைவேளை முடியப்போகிறது. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.