யாரிடமிருந்து வந்தது

சாமுண்டீஸ்வரி மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடமாக உப்புச் சுமக்கிறவள். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் உதிரம் பட ஆரம்பித்தபோது அதை வெயில் சூடு என்றுதான் நினைத்தாள். உப்பளத்துப் பெண்களுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் சூடுதான். கண் எரிந்தாலும் சூடு, இடுப்பு விட்டுப்போனாலும் சூடு. வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்தே ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் மலர்கொடி பாத்தி வரப்பிலேயே நடந்து வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகாதிருந்தால் இன்னும் ஐந்து மாதம் போயிருக்கும். "அஞ்சு நிமிஷ டெஸ்ட்டுதான்க்கா, வா" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டவள், பரிசோதித்து முடித்ததும் சிரிக்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அங்கே சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, கருப்பைவாயில் புற்றுநோய் என்றார்கள். கூட வந்திருந்த அவள் புருஷன் அய்யனார்தான் கேட்டான்.

"எப்டி டாக்டர் வந்துச்சு இது?"

"ஒரு வைரஸ். ஆம்பள பொம்பள உறவுல பரவுறது. முத்திப் போகல, ரேடியேஷன் குடுத்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

சரியாகிவிடும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சாமுண்டீஸ்வரி வெளியே வந்தாள். அய்யனார் பிடித்துக்கொண்டது வேறு சொல்லை. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அவன் கடைசிவரை நின்றுகொண்டே வந்தான். வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் காலையில், அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் நின்று கேட்டான்.

"ஆளு யாரு?"

"எந்த ஆளு?"

"உப்பளத்துல எவ்ளோ பேரு வேலை செய்றானுங்க. யாருன்னு கேக்கறேன்."

அவளுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கஞ்சித் தண்ணீர் கையில் கொட்டியது தெரியாமல் நின்றாள். "உங்களத் தவுர எனக்கு வேற ஆம்பள தெரியாதுங்க" என்று சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து ஒரே வீட்டில் தனித்தனியாக இருந்தார்கள். பதினாலு வயது மகள் சங்கீதா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனார் பாப்பாத்தி, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தாள்.

ரேடியேஷனுக்குத் தினமும் தனியாகவே போய் வந்தாள். மூன்றாவது வாரம், ஆஸ்பத்திரி நடைபாதையில் பிரியதர்ஷினி என்ற ஆராய்ச்சிப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்பு எடுத்த சதைத் துணுக்கில் மிச்சம் இருப்பதை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டாள்.

"அதுல என்னம்மா பாப்பீங்க?"

"நம்ம செல்லு ஒவ்வொண்ணுக்குள்ளயும் டிஎன்ஏன்னு நீளமா ஒரு எழுத்து வரிசை இருக்குதுக்கா. வைரஸுக்கும் அது மாதிரி இருக்குது. வைரஸ் உள்ள நுழைஞ்சா, அதோட எழுத்த மாத்திக் கெடுக்கறதுக்குன்னே நம்ம உடம்புல சில என்சைம் இருக்குது. முக்காவாசிப் பேருக்கு ரெண்டு வருஷத்துல உடம்பே வைரஸ விரட்டிடும். சில பேருக்குப் போகாம தங்கிடும். அப்ப அந்த என்சைம் ஓயாம வேலை செஞ்சு, நம்ம எழுத்தயே தப்பா மாத்திடுது. அது பண்ண தடயம் கட்டிக்குள்ள அப்படியே பதிஞ்சிருக்கும். அதத்தான் தேடறோம்."

"என்னக் காப்பாத்த வந்ததே இப்டிப் பண்ணிடுச்சா?"

"அதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறோம். வைரஸும் சும்மா இருக்கறதில்ல."

சாமுண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "யார்கிட்டருந்து வந்துச்சுன்னு அந்தத் தடயத்துல தெரியுமா?"

பிரியதர்ஷினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தெரியாதுக்கா. உள்ள வந்து இருபது வருஷம் கழிச்சுக்கூடக் கட்டி வரும். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது."

"இத எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவ சொல்றியாம்மா?"

கையெழுத்துப் போட வேண்டும் என்று பொய் சொல்லித்தான் மறுநாள் அவனை அழைத்துப் போனாள். உண்மையில் கையெழுத்து அவளுடையது மட்டும் போதும். அதை அவள் முன்தினமே போட்டாயிற்று. அய்யனார் உட்காராமலே கேட்டான்.

"உங்க மெஷின்ல ஆளு யாருன்னு தெரிஞ்சிடுமா?"

பிரியதர்ஷினி முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னாள். இருபது வருடம் என்ற இடத்தில் அவன் குறுக்கிட்டான்.

"அப்போ, பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்ணா."

டீ வாங்கி வருகிறேன் என்று போனவன், அவள் ரேடியேஷன் முடிந்து வெளியே வரும்வரை திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் தூணோரம் நின்றிருந்தான். பஸ் காலாப்பட்டு தாண்டிய பிறகு, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடியே பேசினான்.

"பெங்களூருக்கு உப்பு லோடு ஓட்டனேன்ல, பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம். அப்ப ரெண்டு மூணு தடவ தப்புப் பண்ணிட்டேன். டாக்டரு சொன்னப்பவே அதான் ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டேன்."

கூனிமேட்டில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள்.

"மொத நாளே உனக்குத் தெரியும்" என்றாள். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவனை நீ என்று அவள் சொன்னதில்லை. "தெரிஞ்சிக்கினுதான் என்ன யாருன்னு கேட்ட."

எழுந்து போய் முன்னால் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். கட்டி வந்ததற்குக்கூட அவள் அவ்வளவு அழுததில்லை.

இருபத்தைந்து நாள் ரேடியேஷனும் முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது, ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். தலைச்சுமை கூடாது என்பதால் இப்போது சாக்கு தைக்கும் கொட்டகையில் வேலை. அய்யனார் தண்ணீர் பிடிக்கிறான், துணி துவைக்கிறான். தன் தங்கை பாப்பாத்தியைக் கூப்பிட்டு, தப்பு என் பேரில்தான் என்று அவனே சொன்னதாகக் கேள்வி. சாமுண்டீஸ்வரி அவனிடம் சோறு, தண்ணீர், சங்கீதாவின் பள்ளிக்கூடம், இவை தவிர வேறு பேசுவதில்லை. அவன் வேண்டுமென்றே கொண்டு வந்த நோயல்ல என்பது அவளுக்குத் தெரியும்; அவனால்தான் வந்தது என்றுகூட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மன்னிக்க முடியாதது வாசற்படியில் நின்று கேட்ட அந்தக் கேள்வியைத்தான்.

போன வியாழக்கிழமை சங்கீதாவுக்கு அந்த வைரஸுக்கான தடுப்பூசி போட அழைத்துப் போனாள். கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நானும் வரட்டா?" என்று அய்யனார் கேட்டான்.

"வேணாம்" என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். அடுத்த மாதம் சாமுண்டீஸ்வரிக்கு ஸ்கேன் இருக்கிறது.