ஈரச் சாக்குத் தடங்கள்

ஷட்டில் ஆட்டத்தில் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள். ஆட்டம் இருப்பதோ காலில். எதிரே இருப்பவர் அடிக்கும் நொடியில் லேசாக ஒரு குதி குதித்துத் தயாராகிவிட வேண்டும். எந்த மூலைக்குப் போனாலும் கடைசிக் காலடியை அகலமாக வைத்து, குதிகாலை முதலில் ஊன்றி, அடித்த வேகத்திலேயே உந்தி நடுவுக்குத் திரும்ப வேண்டும். மூலையிலேயே நின்று தன் அடியைத் தானே ரசிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட ஒரு கோர்ட்டில், நானும் என் கணவரின் தங்கையும் காலையில் இரட்டையர் ஆடுவோம். இடது பாதி எனக்கு, வலது பாதி அவளுக்கு. இந்த வருஷம் எனக்கு ஆட்டம் கூடிவந்தது போலிருந்தது. அதிகம் ஓடாமலே ஜெயித்துக்கொண்டிருந்தோம். ஐம்பதுக்கு மேல் ஓட வேண்டியதில்லை, நிற்கத் தெரிந்தால் போதும் என்று தினமும் எங்களோடு ஆடும் எதிர் ஜோடிக்கு உபதேசம் வேறு செய்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

சிமென்ட் தரையில் புழுதி வழுக்கும் என்பதால் வாசலில் ஈரச் சாக்கு ஒன்று கிடக்கும். ஆட்டத்துக்கு நடுவிலும் ஷூவை அதில் தேய்த்துவிட்டு ஓடிவருவோம். வெயில் நாளில் ஈரத்தடம் உடனே காய்ந்துவிடும். சீசன் தொடங்கி, சாரல் விடாமல் விழுந்த ஒரு காலையில் காயவில்லை. ஆட்டம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கும்போது எங்கள் பக்கத்துத் தரையைப் பார்த்தேன்.

என் பாதி முழுவதும் அவளுடைய சின்ன ஷூவின் தடங்கள். முன் மூலையிலும் அவள், பின் மூலையிலும் அவள். என் தடங்கள் ஒரே இடத்தில் குழம்பிக் கிடந்தன. வலது கால் நன்றாகப் பதிந்திருந்தது. இடது காலுக்குத் தடமே இல்லை. ஈரத் துடைப்பத்தை இழுத்த மாதிரி, நுனி உரசிய கோடுகள்தான்.

என் அப்பாவுக்கும் இடது கால்தான் முதலில் இழுக்கத் தொடங்கியது. அவருடைய இடது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்துபோகும். பிறகு செருப்பே தேவைப்படாமல் வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்துதான் போனார்.

அவளும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்பிருந்தே என்றாள்.

“சொன்னா ஆடவே வராம இருந்துருவீங்கன்னு பயந்துட்டேன் மதினி. ஒங்க மூலையத்தான் நான் பாத்துக்கிடுதேன்லா.”

அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜெயித்த ஆட்டம் ஒன்றுகூட என்னுடையது இல்லை. திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்கும் முன் என் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கே தெரிய வேண்டும், நாளை என் பக்கம் காலெடுத்து வைக்காதே என்றேன்.

மறுநாள் முதல் ஆட்டத்திலேயே ஷட்டில் நெட்டை ஒட்டி என் மூலையில் இறங்கியது. அவள் ஓரடி வைத்து, நின்றுவிட்டாள். நான் போனேன். எப்படியோ எட்டி எடுத்தும்விட்டேன். நடுவுக்குத் திரும்ப உந்தினேன். இடது கால் வரவில்லை. எனக்குப் பின்னால் என் பாதி முழுக்கத் திறந்து கிடந்தது. அங்கே ஒரு தட்டு தட்டினால் பாயிண்ட்.

எதிரே இருந்தவர் தட்டவில்லை. நான் நடுவுக்கு வந்து சேரும்வரை நேரம் கிடைக்கும்படி, ஷட்டிலைக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிட்டார். இந்த வருஷம் முழுக்க அவர் அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.