குடித்தது நான் இல்லை

இதைக் கற்பனை என்று வைத்துக்கொண்டு படிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த எட்டு நாட்களின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாள். ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் நேரம் எழுதி, பக்கத்தில் நானே டிக் போட்டிருக்கிறேன். நேரங்கள் எல்லாம் உண்மை. டிக்குகள் பெரும்பாலும் பொய்.

அது எனக்கு முப்பத்தாறாவது வாரம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்திருந்தது. ஸ்கேனில் பனிக்குட நீர் நாலரை சென்டிமீட்டர் என்று வந்தது. குறைந்தது எட்டு இருக்க வேண்டுமாம்.

"ஒரு வாரம் தாங்கினா போதும்மா. இதுக்கும் கீழ இறங்கினா அன்னைக்கே கீறி எடுத்துடுவோம். அப்ப குழந்தை எப்படி இருக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இடது பக்கமாகப் படுக்க வேண்டும். குழந்தையின் அசைவை எண்ண வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நர்ஸ் எனக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தாள். துணைக்கு இருந்த அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, ஜக்கை நிரப்பி நிரப்பி வைத்தார்.

எனக்கோ தண்ணீரைப் பார்த்தாலே குமட்டியது. வெதுவெதுவென்று, துருப்பிடித்த ஆணியை நக்கியது போல் ஒரு ருசி. வயிற்றில் இடமும் இல்லை.

"ஊர்ல அவங்கவங்க பிள்ளைக்காக மலையைப் புரட்டுறாங்க. மகாராணிக்கு ஒரு டம்ளர் தண்ணி கசக்குது" என்றார் அண்ணி.

இரண்டாம் நாள். பிற்பகல் 2.35. அண்ணி சாப்பிடக் கீழே போயிருந்தார். அந்த நாளின் ஐந்தாவது டம்ளரைக் குடித்தேன். குடித்த வேகத்தில், இளஞ்சூடாக, எச்சில் நூல் நூலாகத் தொங்க, அது டம்ளருக்கே திரும்பி வந்தது. அறை மூலையில் ஒரு பழைய வாஷ்பேசின் இருந்தது. குழாயில் தண்ணீர் வராது. அடியில் மரப்பெட்டி அடித்து மூடியிருந்தார்கள். டம்ளரை அதில் கவிழ்த்தேன்.

மடக்... மடக்... மடக்...

பிறகு ஒரு மூச்சு. ஒரே மடக்கில் குடித்தவர்கள் விடுவார்களே, அப்படி ஒரு மூச்சு.

காற்று அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 2.40க்கு டிக் போட்டேன். அடுத்த டம்ளரை வாய் வரை கொண்டுபோய், அதையும் ஊற்றினேன். மாலைக்குள் ஏழு டம்ளர். ஒவ்வொன்றுக்கும் அதே சத்தம். கடைசிச் சொட்டு இறங்கும்போது பல் விளக்காத வாயின் வாடை மேலே வந்தது. பேசினில் ஒரு துளி மிச்சமில்லை. பளபளவென்று, நக்கிவிட்ட தட்டு போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஸ்கேன். ஒன்பது.

டாக்டரம்மா சிரித்தார். தண்ணீர்தான் மருந்து என்றார். அண்ணி தன் கையால் குடிக்க வைத்ததை வீட்டுக்கெல்லாம் போன் செய்து சொன்னார். முந்தின நாள் நான் குடித்தது ஐந்து டம்ளர். அதிலும் ஒன்று தங்கவில்லை. இரவெல்லாம் மூலையைப் பார்த்துக்கொண்டு இடது பக்கமாகவே படுத்திருந்தேன்.

நான்காம் நாள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். பேசினின் ஓட்டை மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். ஓங்கரித்து ஓங்கரித்து எல்லாத் தண்ணீரையும் நானே குடித்தேன். 3.50க்கு ஒன்பதாவது டம்ளர்.

குழந்தை அசையவில்லை.

4.05. இல்லை. 4.12. இல்லை. நர்ஸ் துடிப்புப் பார்க்கும் மெஷினை வயிற்றில் கட்டினாள். எண் நூறுக்குக் கீழே இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. அவள் ஒட்டகம் என்று சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அண்ணி பின்னாலேயே ஓடினார்.

அறையில் நான் மட்டும்.

மூலையில் தட்டு அசைந்தது. கிணிங்.

பிறகு... சப்... சப்... சப்...

4.20. மெஷினின் பட்டையைக் கழற்றினேன். ஜக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். தட்டை எடுத்தேன்.

பேசின் வாயில் பதித்திருந்த சல்லடையின் ஒவ்வொரு ஓட்டையிலும் இளஞ்சிவப்பாக ஏதோ பிதுங்கியிருந்தது. நுனி நுனியாக. வெடித்து, வெள்ளை படிந்து...

காய்ந்த நாக்கு.

துடித்துக்கொண்டிருந்தது.

ஜக்கை அப்படியே கவிழ்த்தேன்.

மடக்...

மடக்...

என் வயிற்றில் ஓர் உதை.

டாக்டரம்மா வந்தபோது துடிப்பு நூற்று நாற்பது. பட்டையை ஏன் கழற்றினேன் என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். யோசித்துத்தான் ஊற்றினேன். நாளுக்குப் பன்னிரண்டு, நேரம் தவறாமல், அண்ணி இல்லாத சமயம் பார்த்து. என் தாகத்துக்கு அண்ணியின் பாட்டிலில் இரண்டு மிடறு. ஆறாம் நாள் பேசின் மேல் குனிந்து, "இன்னும் வேணுமா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த கொஞ்சல் எனக்கே குமட்டியது.

எட்டாம் நாள் வலி எடுத்தது. காலை 11.10க்குப் பெண் குழந்தை. நன்றாக அழுதாள். பனிக்குடம் உடைந்தபோது தண்ணீர் தாராளமாக வந்ததாம். டாக்டரம்மா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தேழு வாரத்துக் குழந்தையின் உடம்பில் வெண்ணெய் போல ஒரு வெள்ளைப் பசை அப்பியிருக்குமாம். இவள் மேல் ஒரு பொட்டுகூட இல்லை.

"என்னம்மா இது, யாரோ நக்கித் துடைச்சு அனுப்பின மாதிரி இருக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது, அறையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் அந்தப் பேசின் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன்.

"அதுல எங்கம்மா தண்ணி போகும்? கீழ்க் குழாயை அறுத்தெடுத்து ஏழு வருஷமாச்சு. ஊத்தினா நம்ம கால்லதான் கொட்டும்."

நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்து, மரப்பெட்டியின் கதவை நெம்பித் திறந்து காட்டினார். உள்ளே ஒட்டடை. தரையில் தூசி. ஈரம் பட்ட தடமே இல்லை. அறுபட்ட குழாய் தரைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. அதன் வாயைச் சுற்றி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

ஆயாம்மா விரலால் வழித்தார். முகர்ந்தார். இருபது வருடம் பிரசவ அறையில் குழந்தை குளிப்பாட்டியவர். அவர் முகம் மாறியது.

"இது... குழந்தை மேல இருக்குமே, அந்தப் பசை. இங்க எப்படி வந்துச்சு?"

நானும் தொட்டுப் பார்த்தேன். என் மகள் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அது காயவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.