பிரீமியம் தீமும் மாலையோடு வந்தவர்களும்

அரியலூரில் கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், விசிட்டிங் கார்டு என்று பல வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வெப்சைட் வேலை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கடை போர்டில் ‘இங்கு வெப்சைட் செய்து தரப்படும்’ என்று எழுதிய நாளில் வெப்சைட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரி மட்டும்தான். எழுதித் தொலைத்துவிட்டோமே என்பதற்காகக் கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாராளமாகச் சிரிக்கலாம். நடந்தபோது எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

1. நல்லதா ஒண்ணு

மலர்க்கொடிக்கு ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கன்றுப் பண்ணை. ஒட்டுக்கன்று கட்டி விற்கிறார். எந்தக் கன்றை எப்படி நடுவது, பூ கருகினால் என்ன செய்வது என்று ஒரு பிளாக்கும் எழுதுகிறார். அதற்கு நான்தான் ஒரு இலவசத் தீம், அதாவது பக்கத்துக்கான ரெடிமேட் டிசைன், போட்டுக் கொடுத்திருந்தேன். போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி ஊரும்.

ஒருநாள் கடைக்கு வந்தார்.

“அண்ணே, பெரம்பலூர்ல வியாழக்கிழம விவசாயிங்க கூட்டம். பண்ணை வச்சிருக்கவங்கள மேடையில பேசச் சொல்லியிருக்காங்க. பெரிய ஸ்கிரீன்ல பிளாக்கக் காட்டணும். கன்னெல்லாம் பாக்கெட்ல ரெடியா நிக்குது. மழைக்கு முன்னாடி போகலன்னா வேரு பாக்கெட்டக் கிழிச்சிக்கிட்டுத் தரையில எறங்கிரும். அப்புறம் புடுங்கி நட்டா பொழைக்காது. நாலு பேரு கண்ணுல படணும். காசு குடுத்து வாங்குற தீம் இருக்காமே, நல்லதா ஒண்ணு பாத்துப் போட்டுக் குடுங்க.”

“இவ்ளோதான?” என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லித்தான் வாழ்க்கையில் எல்லாவற்றிலும் மாட்டியிருக்கிறேன்.

தீம் விற்கும் தளத்தைத் திறந்தேன். மினிமல் என்றார்கள், மல்டி பர்ப்பஸ் என்றார்கள், மேகசின் என்றார்கள். ஒன்றில் எழுத்து பறந்து வந்தது. ஒன்றில் படம் நகர, எழுத்து நிற்க, எனக்குத் தலை சுற்றியது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் புகழ்ந்த தீமையே இன்னொருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருந்தார். எல்லாவற்றிலும் ‘சைல்டு தீம் உண்டு’ என்று வேறு போட்டிருந்தது. பெரியவர்களுக்கானதே போதும் என்று அதைத் தொடவில்லை. மூலத் தீமைக் கெடுக்காமல் மாற்றம் செய்துகொள்ளும் துணைத் தீம்தான் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. திறந்த டேப்கள் ஊதுவத்தி போல மெலிந்து வரிசையாக நின்றன. காலையில் பிடித்த தீம் அதில் எங்கே இருக்கிறது என்று மத்தியானம் வரை தேடினேன்.

லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி திரும்பிப் பார்த்தாள்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவ்ளோ யோசிக்கல நீங்க.”

“அப்ப ஒரே ஒரு போட்டோதானடி காட்டுனாங்க.”

அதற்குப் பதிலாக லேமினேஷன் மெஷினின் மூடி படீரென்று மூடியது.

2. குடும்பத்தோடு

நமக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று முடிவு செய்தேன். கல்யாணப் பத்திரிகை எடுக்க எப்படி வருவார்களோ அப்படி வரச் சொன்னேன். மலர்க்கொடி, வீட்டுக்காரர் சேகர், மாமியார் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கலர் சோடாவும் வாங்கி வைத்தேன். பத்திரிகைச் சாம்பிளில் வேறு யார் பெயரோ இருக்கும், அட்டையை மட்டும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் டெமோவை விளக்க வேண்டியிருக்காது என்று நம்பினேன்.

முதல் தீமில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தம்மாவும் கூட வருமா?” என்றார் சேகர்.

“இல்லங்க, அது சாம்பிளுக்கு.”

“பின்னாடி இருக்க மலை?”

“அதுவும் வராதுங்க.”

“அப்ப என்னத்துக்குத்தான் காசு வாங்குறான்?”

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

இரண்டாவது தீம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பளபளத்தது. “எலெக்‌ஷன் நோட்டீஸாட்டம் இருக்கு,” என்றார் மாமியார். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, “மேல புள்ளையாரக் காணுமே?” என்றார். நான்காவதில் மெனு எங்கே இருக்கிறது என்று எனக்கே புரியவில்லை. மவுஸை ஓரமாக நகர்த்தினால் தானாக வெளியே வந்து பயமுறுத்தியது. ஏழாவதற்கு மேல் மூன்று பேரும் மூன்று வேறு தீமைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க,” என்று எழுந்தார் மலர்க்கொடி. “நீங்க பாக்காத டிசைனா?”

மனிதனைக் கெடுக்க இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம்.

3. பார்த்ததும் பிடித்தது

மறுநாள் அந்தத் தீம் கண்ணில் பட்டது. அமைதியான வெள்ளைப் பின்னணி. நடுவில் வட்டத்துக்குள் எழுதுபவரின் கறுப்பு வெள்ளைப் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் பெயர். படத்துக்கு இடப்பக்கம் ஒரு தேதி, வலப்பக்கம் ஒரு தேதி. மூலைகளில் சாம்பல் நிறத்தில் மெல்லிய இலைக்கொடி. விலையைப் பார்த்ததும் ஸ்கிரீனைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டேன். ஆனாலும் மனசு அதிலேயே நின்றது. ஏதோ வெகுநாள் பழகிய ஆளைப் பஸ்ஸில் பார்த்தது மாதிரி ஒரு நெருக்கம். இத்தனை குழப்பத்துக்கு அப்புறம் ஒரு தெளிவு வந்தால் அதைச் சந்தேகப்படத் தோன்றுமா?

வாங்கினேன். மலர்க்கொடியின் கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி வட்டத்தில் வைத்தேன். இடப்பக்கம் பிளாக் ஆரம்பித்த தேதி: ‘தொடக்கம்’. வலப்பக்கம் புதிதாக எழுதிய தேதி: ‘கடைசிப் பதிவு’. தமிழ் எழுத்து வெட்டுப்படாமல் வரி இடைவெளியையும் சரிசெய்து, செவ்வாய்க்கிழமை மாலையில் லைவ் செய்தேன். தோப்பில் இருந்த மலர்க்கொடி போனில் பார்த்தார். “எழுத்தெல்லாம் நல்லா பெருசா தெரியிதுண்ணே,” என்று சந்தோஷப்பட்டார். அந்த லிங்கைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் விவசாயிகள் குரூப்பிலும் ஒரு வார்த்தைகூட எழுதாமல் போட்டுவிட்டுக் கன்றுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

குரூப்பில் வரும் லிங்கை எங்கள் ஊரில் யாரும் திறப்பதில்லை. மேலே தெரியும் படத்தைத்தான் பார்ப்பார்கள். மேலே தெரிந்தது வட்டப் படம், பெயர், இரண்டு தேதி.

4. மாலை

புதன்கிழமை காலையில் சேகர் போன் செய்தார்.

“அண்ணே, என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? மீன்சுருட்டியிலேர்ந்து எங்க அத்த வூட்டு ஆளுங்க மாலையோட வந்து எறங்கிட்டாங்க. வாசல்லயே ஒப்பாரி.”

“அடடா! யாருக்குங்க?”

“மலருக்குத்தான்!”

“ஐயையோ! எப்பங்க? நேத்துகூட நல்லாத்தான பேசுச்சு!”

“யோவ், அது உள்ள டீ போட்டுக்கிட்டு இருக்குய்யா, வந்தவங்களுக்கு!”

அண்ணன் யோவ் ஆகிவிட்டதிலிருந்தே நிலைமையின் தீவிரம் புரிந்தது. என் போனில் அந்த லிங்கைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை வேலை முகூர்த்த நாளை ஒட்டித்தான் வரும். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நாள் கிழமை கிடையாது. எத்தனையோ வருடமாக வாரத்துக்கு மூன்று நான்கு அடிக்கிறேன். வட்டத்தில் படம், கீழே பெயர், இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, மூலையில் இலை. பழகிய ஆள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது.

சேகர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “கீழப்பழுவூர் காசிநாதன் மொத்தமா கன்னு எடுத்துக்குறேன்னு சொல்லியிருந்தாருல்ல? இப்ப போன் பண்ணி, ‘அந்தம்மா இல்லாம பண்ணைய யாரு பாக்குறது, நான் வேற எடம் பாத்துக்குறேன், மனசத் தேத்திக்க தம்பி’ன்னு வச்சிட்டாரு. திருப்பி அடிச்சா எடுக்க மாட்டேங்குறாரு. நான் அழுவேன்னு பயப்படுறாரோ என்னவோ.”

“இருங்க, அஞ்சே நிமிஷத்துல எடுத்துடுறேன்,” என்றேன்.

எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. படத்தை மாற்றப் போனேன், அளவு பெரிதானது. தேதியை நீக்கப் போனேன், பெயர் போய்விட்டது. சரி, வேலை நடக்கிறது என்று ஒரு பலகையாவது தொங்கவிடுவோம் என்று மெயின்டனன்ஸ் பட்டனை அழுத்தினேன். அதில் காட்ட வேண்டிய வரியை முந்தின நாள் நானே தமிழில் எழுதி வைத்திருந்தேன். அதே கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கீழே பெரிதாக வந்து நின்றது: ‘விரைவில் மீண்டும் வருகிறேன்.’

எட்டிப் பார்த்த சாந்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “இத அவங்க மாமியாரு பாத்தா வேப்பிலையத் தேடுவாங்க.”

கடைசியில் பழைய இலவசத் தீமையே திருப்பிப் போட்டேன். பிளாக் சரியாகிவிட்டது. ஆனால் குரூப்பில் போன படம் போனதுதான். கை கூப்பும் பொம்மைகள் அதற்குக் கீழே வந்துகொண்டே இருந்தன.

சாயங்காலம் மலர்க்கொடியே அழைத்தார். நான் எடுக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நாளைக்கு லேப்டாப்ப எடுத்துக்கிட்டு பெரம்பலூரு வந்துருங்க. அந்தப் புதுத் தீமையே திரும்பப் போடுங்க.”

“தங்கச்சி, அது…”

“போடுங்கண்ணே. போன்ல ஒவ்வொருத்தருக்கா நான் சாவலன்னு சொல்லி முடியல. ஒரேடியா சொல்லிடுறேன்.”

5. பெரம்பலூர்

மலர்க்கொடி மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டு வரிசை ஆட்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு எழுந்தார்களா, ஓடுவதற்கு எழுந்தார்களா என்று சொல்ல முடியாது. அவர் முறை வந்தது. நான் லேப்டாப்பைச் சொருகினேன். பெரிய திரையில் ஆள் உயரத்துக்கு அந்த வட்டப் படம். இவர் வாய் திறக்காமல் இறங்கிவிட்டால் அத்தனை கன்றும் பாக்கெட்டைக் கிழித்துத் தரையில் வேர் விட்டுவிடும். நான் திரைக்குப் பின்னால் நகரப் பார்த்தேன்.

மலர்க்கொடி மைக்கைப் பிடித்தார்.

“என்னைய நெறைய பேரு வாட்ஸ்அப்புல பாத்திருப்பீங்க. ஒண்ணும் ஆவல. அந்தா ஒளியிறாரே, அவருதான் எங்க டிசைனர் அண்ணன். அவரு கைக்குத் தெரிஞ்சது ரெண்டே மாடலு. ஒண்ணு கல்யாணம், இல்லன்னா சாவு. எனக்குக் கல்யாணம் ஏற்கெனவே ஆயிருச்சி.”

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பிளாக்கைக் கீழே தள்ளச் சொல்லிக் கன்றுகளின் படத்தைக் காட்டினார். ஒட்டு எப்படிக் கட்டுகிறார், எந்த மரத்திலிருந்து கொழுந்து எடுக்கிறார் என்று விவரமாகச் சொன்னார். யாரும் கொட்டாவி விடவில்லை. செத்துப் பிழைத்தவர் பேச்சை யார்தான் கவனிக்க மாட்டார்கள்?

இறங்கியதும் மூன்றாவது வரிசையிலிருந்து காசிநாதன் எழுந்து வந்தார்.

“ஏம்மா, ஒனக்காக நான் ஒரு வேள சோறே திங்கலம்மா!”

“பாவம்ங்க. கன்னு எடுத்துக்குறீங்களா?”

“எடுக்காம? வண்டி என்னிக்கு அனுப்பட்டும்?”

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். அப்போதுதான் நான் லேப்டாப்பை மூடினேன்.

இப்போது நான் கற்ற பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். டெமோவைப் பார்த்துத் தீம் வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் வாடிக்கையாளரின் படத்தையும் பெயரையும் அந்த மாதிரியிலேயே போட்டு, அவர் ஊர்க்காரர் ஒருவருக்கு அனுப்பி, “இது என்னன்னு தெரியிதா?” என்று மட்டும் கேளுங்கள். “எப்ப எடுக்குறாங்க?” என்று பதில் வந்தால் வேறு தீம் பாருங்கள்.

மலர்க்கொடி மட்டும் வேறு தீம் வேண்டாம் என்றுவிட்டார். கலர் படம் போட்டு, தேதிகளை எடுத்தால் போதுமாம். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, இந்தத் தீம்ல வாசகர் கருத்துன்னு ஒரு எடம் காலியா கெடக்குல்ல? இதப் போடுங்க.”

சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்த அஞ்சலிச் செய்தி அது. எழுதியவர் சேகரின் சித்தப்பா. மலர்க்கொடி பிளாக் எழுதுவதைப் ‘போன நோண்டுற வேல’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். ‘அந்தத் தோப்பைத் தூக்கி நிறுத்தியதே இந்தப் பெண்தான். அவளிடம் கேட்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு கன்று நட்டதில்லை. ஆழ்ந்த இரங்கல்.’

“கடைசி ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துருங்க,” என்றார்.

“சித்தப்பா சண்டைக்கு வந்துட்டா?”

“வரட்டுமே. நான் உசுரோட இருக்கும்போது எழுதுனதுதான?”

மண்டபத்திலேயே உட்கார்ந்து அதைப் போட்டு, அந்த இரண்டு வார்த்தையை அழித்தேன். இந்த முறை வேறு எதுவும் அழியவில்லை.