இறுக்கிப் பின்னிய தலை

1. போர் முடிந்த அந்த மே மாதம், வன்னியில் இருந்த அக்காவிடமிருந்து செய்தி வராததால் நான் தொலைபேசியை விட்டு நகரவேயில்லை.
2. நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த டோர்செட் பார்க்கில் பக்கத்து அப்பார்ட்மென்டில் இருந்த கறுப்பினப் பெண் மேவிஸ், வேலைக்குப் போகும்போது ஏழு வயது மகள் நயோமியை என்னிடமும் அம்மாவிடமும் விட்டுப் போவாள்.
3. நான் நயோமியின் சுருள்முடியை உலர்ந்தபடியே வாரி, இறுக்கிப் பின்னினேன்.

"நல்லா இழுத்துப் பின்னு பிள்ளை, அப்பதான் வளரும்" என்றார் அம்மா. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும், எதையும் சோதிக்காமல் நம்பாத நான், இதை அப்படியே நம்பினேன். ஒரு வாரம் தினமும் பின்னினேன். நயோமி என் முழங்கால்களுக்கு நடுவே அசையாமல் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பார்த்தால், நெற்றியோரத்தில் முடி உடைந்து தோல் தெரிந்தது.

"உனக்கு நோகேல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நொந்தது அன்ரி. நீங்கள் கவலையில இருக்கிறியளாம், கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு மம்மி சொன்னவ" என்றாள் அவளும் ஆங்கிலத்திலேயே.

தொலைபேசி இருந்த அந்த அறைக்குள் அடைபட்டிருந்தது நான் மட்டுமில்லை.

மாலையில் மேவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகளின் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். "முடி என்ன, கயிறா?" என்று கேட்டாள். பிறகு நனைத்து, கண்டிஷனர் பூசி, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுத்துக் காட்டினாள். வேரை இழுக்கவேயில்லை.

அக்காவைப் பற்றி இன்னும் செய்தி இல்லை. நயோமிக்கு நெற்றியோரம் முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. நான் சிக்கெடுக்கும்போது நொந்தால், இப்போது உடனே கத்துகிறாள்.