கஞ்சாவுக்காகப் பேசிய அருள்மலர்

திருகோணமலைத் தொலைபேசி நிலையத்தில் அருள்மலருக்குப் பகல் முழுக்க மற்றவர்களின் கதையை இணைத்துக் கொடுப்பதுதான் வேலை. நடுவில் வாய் திறக்க ஏலாது. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் யாரோடாவது வாதாட வேண்டும் போலிருக்கும். அகப்படுகிறவன் பெரும்பாலும் கணவன் மைக்கல். அவன் மதுவரிக் காவலன். கஞ்சா கடத்துகிறவர்களைப் பிடிப்பது அவன் உத்தியோகம்.

எழுபத்திரண்டில், உப்புவெளிக் கடற்கரையில் நீள்முடி வெள்ளைக்காரர்கள் கூடாரமடித்துப் புகைவிடத் தொடங்கியதும் ஊரெல்லாம் அதே பேச்சாயிற்று. தேவாலயப் பங்கு மண்டபத்தில் விவாதமொன்று வைத்தார்கள். ‘கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்க வேண்டும்.’ வேண்டாம் என்று பேச ஆட்கள் முண்டியடித்தார்கள். வேண்டும் என்று பேச ஒருவரும் இல்லை. ஏற்பாட்டாளர் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது, “நான் பேசுறன்” என்றாள் அருள்மலர்.

“உமக்கென்ன விசரே?” மைக்கல் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். “நாளைக்கு நான் எந்த முகத்தோட ஆக்களைப் பிடிக்கிறது?”

“நீங்கள் பிடியுங்கோ. நான் பேசுறன்.”

அன்று மண்டபம் நிரம்பி யன்னல்களிலும் ஆட்கள் தொங்கினார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த வழக்கறிஞர் கலீலுர் றஹ்மான் தலைமை தாங்கினார். மேடை ஏறிய அருள்மலர் முதல் வசனத்தையே இரண்டுதரம் தொடங்கி நிறுத்தினாள்.

“நம்பர் ப்ளீஸ்!” என்று பின்னாலிருந்து ஒருவன் தொலைபேசி நிலையக் குரலில் கத்தினான். மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குச் சூடேற்றிவிட்டது.

“லைன் கிடைச்சிட்டுது, கேளுங்கோ!” என்றாள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. “வைத்தியர் லேகியத்தில சேர்த்தால் மருந்து. ஒரு கூலிக்காரன்ர மடியில சரைப் பொட்டலம் இருந்தால் மறியல் கம்பிக்குள்ள. சாராயத்துக்கு மட்டும் கடை. ஒளிச்சு விக்கிறதை வெளியில கொண்டுவந்து கட்டுப்படுத்துங்கோ எண்டுதான் கேக்கிறன்!”

சபையோர் பேசும் முறை வந்ததும் மைக்கல் எழுந்தான்.

“தலைவர் அவர்களே, நான் போற வீடுகளை இவ காணேல்லை. ஒரு வீட்டில பெடியனுக்குப் பெத்த தாயையே அடையாளம் தெரியேல்லை.”

“அவனை எங்க கொண்டுபோனீங்கள்?” என்று மேடையிலிருந்து கேட்டாள் அருள்மலர்.

மைக்கல் தயங்கினான். “மறியலுக்கு.”

“அங்க போய்த் தாயைத் தெரிஞ்சுதோ?”

கூரை அதிரக் கூச்சல். மைக்கல் உட்காரவில்லை. “இல்லை. அவனுக்கு ஆஸ்பத்திரி வேணும். அதுக்காகக் கடை திறக்கலாமோ?”

மறுபடி கூச்சல். அருள்மலரும் தன்னை மறந்து கைதட்டினாள். தன் மனுஷன் இவ்வளவு அழகாகப் பேசுவான் என்று அவளுக்குத் தெரியாது.

கை தூக்கச் சொன்னார்கள். அவள் படுதோல்வி. வீடு திரும்பும்போது சைக்கிள் பாரில் இருந்தபடியே அவள் விவாதத்தைத் தொடர்ந்தாள். மிதித்தபடி அவனும் விடவில்லை. தங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையைத் தாண்டிப்போனதே தெரியவில்லை.

அதற்குப்பிறகு இறக்கக்கண்டி, புல்மோட்டை என்று அழைப்புகள் வந்தன. “அந்தப் புருசன் பெண்சாதியைக் கூப்பிடுங்கோ” என்பார்கள். சீதனம், சினிமா என எந்தத் தலைப்பானாலும் இருவரும் எதிரெதிர்ப் பக்கந்தான். சட்டம் மாறவில்லை, மைக்கலின் உத்தியோகமும் மாறவில்லை.

ஒருமுறை மூதூரில் பழைய கஞ்சா விவாதத்தையே பக்கம் மாறிப் பேசச் சொன்னார்கள். மைக்கல் கஞ்சாவுக்காக அனல் பறக்கப் பேசி வென்றும்விட்டான். திரும்பி வந்த லோஞ்சுப் படகில், “எங்கட மதுவரிப் பெரியவர் கேள்விப்பட்டால் என்ன சொல்லுவாரோ?” என்று அவன் புலம்பிக்கொண்டே வர, அருள்மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.